ஸ்பீக்கர் 120 வாட்ஸ், ரிசீவர் 80 வாட்ஸ்: ஜோடி சேருமா?

ஹோம் தியேட்டர் பற்றி வரும் கடிதங்களைக் காலியான ஒரு ஸ்பீக்கர் கூட்டுக்குள் போட்டு வைப்பது என் வழக்கம். கூடு நிரம்பினால் பதில் எழுத உட்காருவேன். இந்த முறை கவிழ்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே கேள்வி, வேறு வேறு உடுப்பில். என் ஸ்பீக்கருக்கு எந்த ரிசீவர்? என் ரிசீவருக்கு எந்த ஸ்பீக்கர்? (ரிசீவர் என்பது படத்தின் ஒலியை வாங்கி, பெருக்கி, எல்லா ஸ்பீக்கர்களுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி.) 20 வருடங்களுக்கு மேல் ஆம்ப்ளிஃபையர்களைத் திறந்து மூடிப் பிழைத்தவன் என்ற தைரியத்தில் சொல்கிறேன். கடிதங்களைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: என் டவர் ஸ்பீக்கர்களின் பின்னால் ‘120 வாட்ஸ், 6 ஓம்ஸ், 88 டெசிபல்’ என்று போட்டிருக்கிறது. வாங்க நினைக்கும் ரிசீவர் சேனலுக்கு 80 வாட்ஸ். ‘ரிசீவரில் வாட்ஸ் குறைந்தால் ஸ்பீக்கர் எரிந்துவிடும்’ என்கிறார் ஒரு நண்பர். ‘கூடினால்தான் எரியும்’ என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது? நாங்கள் உட்காருவது ஸ்பீக்கரிலிருந்து சுமார் 3 மீட்டர் தள்ளி.

பதில்: இரண்டு பேரும் பாதி சரி. அதனால்தான் இந்தச் சண்டை வருடக்கணக்காக ஓயாமல் நடக்கிறது.

முதலில் அந்த 120. லிஃப்டுக்குள் ‘8 பேர்’ என்று பலகை இருக்கும். 8 பேர் சேர்ந்தால்தான் லிஃப்ட் நகரும் என்று யாரும் கீழே காத்து நிற்பதில்லை. ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட்ஸும் அப்படித்தான். அது தாங்கும் அளவு, அதற்குத் தேவையான அளவு அல்ல. ரிசீவரில் எழுதியிருப்பது ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, அதனால் தர முடிந்த உச்சம். 80 வாட்ஸ் ரிசீவர் எந்நேரமும் 80 வாட்ஸைக் கொட்டிக்கொண்டிருக்காது. வால்யூம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், படத்தில் அந்த நொடியில் எவ்வளவு சத்தம், இரண்டும் சேர்ந்து எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் போகும்.

பொருத்தம் பார்க்க வேண்டிய எண், யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத அந்த 88 டெசிபல். ஒரு வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் 88 டெசிபல் சத்தம் வரும் என்று பொருள். 3 மீட்டரில், சுவரில் பட்டுத் திரும்புவதையும் சேர்த்து, தோராயமாக 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். இனி இரண்டே வாய்ப்பாடு. வாட்ஸ் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும். ஒரு பேப்பரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். 1 வாட்டில் 80, 10 வாட்டில் 90, 80 வாட்டில் 99. சரி, 120 வாட்ஸ் ரிசீவர் வாங்கியிருந்தால்? 101-ஐக்கூட எட்டாது. பெட்டியில் 40 வாட்ஸ் வித்தியாசம், காதில் 2 டெசிபல்கூட இல்லை. கூர்ந்து கேட்டால்தான் பிடிபடும்.

கீழ்ப்பக்கமும் கணக்குப் போடலாம். படத்தில் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசும் காட்சி உங்கள் நாற்காலியில் 65 டெசிபல் என்று வையுங்கள். 80-க்கு 15 குறைவு. அதற்கு வேண்டியது ஒரு வாட்டில் முப்பதில் ஒரு பங்கு! கதவு படார் என்று சாத்தப்படுகிறது, 20 டெசிபல் எகிறுகிறது. அப்போதும் 3 வாட்ஸ் போதும். தியேட்டர் அளவுச் சத்தம் வேண்டும் என்றால்தான் கதை மாறுகிறது. அங்கே ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல் வரை போகும்படி அமைத்திருப்பார்கள். உங்கள் ஸ்பீக்கரில் உங்கள் தூரத்தில் அதை எட்ட 300 வாட்ஸுக்கு மேல் வேண்டும். ஆனால் வீட்டில் அந்த அளவு வைத்து முழுப் படம் பார்ப்பவரை நான் அதிகம் கண்டதில்லை. அதிலிருந்து 10 டெசிபல் குறைத்தாலே உட்கார்ந்திருப்பவர்கள் ரிமோட்டைத் தேடுவார்கள். அந்த 95 டெசிபலுக்கு ஏறக்குறைய 32 வாட்ஸ் போதும். ஆக, உங்கள் 80 வாட்ஸில் தேவைக்கு மேல் இடம் இருக்கிறது. தாராளமாக வாங்குங்கள்.

இந்த டெசிபல் எண்ணில் ஒரு சின்னக் கண்கட்டு உண்டு. பல நிறுவனங்கள் ‘1 வாட்’ என்று எழுதாமல் ‘2.83 வோல்ட்’ என்று எழுதும். ஓம்ஸ் என்பது மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. 8 ஓம்ஸ் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் சரியாக 1 வாட். அதே 2.83 வோல்ட் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரில் 2 வாட்ஸ். எனவே ‘90 டெசிபல், 4 ஓம்ஸ்’ என்று பெருமையாகப் போட்டிருந்தால் மனதுக்குள் 3 கழித்து 87 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 6 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 1 டெசிபலும் கொஞ்சமும் கழிந்தால் போதும். மேலே போட்ட கணக்கு பெரிதாக மாறாது.

இனி எரிகிற கதை. ஒருவர் தன் ஸ்பீக்கர் ஜோடியைக் கொண்டுவந்து, ‘100 வாட்ஸ் ஸ்பீக்கர் சார், என் ஆம்ப் வெறும் 40 வாட்ஸ்தான், எப்படி எரியும்?’ என்று கேட்டார். கீச்சு ஒலிகளைத் தரும் ட்வீட்டரைக் கழற்றினேன். 25 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு சுருள், தலைமுடி போன்ற கம்பி. செம்பு நிறத்தில் மின்ன வேண்டியது வறுபட்ட மிளகாய் போலக் கறுத்திருந்தது. ஓரிடத்தில் வார்னிஷ் பொங்கி, சுற்று கழன்று காந்தத்தில் ஒட்டியிருந்தது. பேஸ் தரும் வூஃபருக்கு ஒன்றும் ஆகவில்லை. நடந்தது இதுதான். 40 வாட்ஸுக்கு மேல் கேட்டபோது ஆம்பால் தர முடியவில்லை. அலையின் தலையை மட்டமாக வெட்டித் தந்தது. வெட்டுப்பட்ட அலையில் புதிதாகக் கீச்சு ஒலிகள் முளைக்கும், அவை நேரே ட்வீட்டருக்குப் போகும். உச்சம்தான் வெட்டுப்படுமே தவிர, வால்யூமைத் திருகத் திருக மெல்லிய பகுதிகள் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். சராசரிச் சூடு கூடும். ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் 100 வாட்ஸ் என்பது முழுக் கூட்டுக்கும் சேர்த்து. அதில் ட்வீட்டர் தொடர்ந்து தாங்குவது சிறு பங்குதான்.

ஆகவே முதல் நண்பர் சொன்னது பாதி சரி. சின்ன ஆம்ப் எரிக்காது, சின்ன ஆம்பை விரட்டுகிற கைதான் எரிக்கும். இரண்டாமவரும் பாதி சரி. குடித்துவிட்டு ஆடுகிறவர் கையில் 200 வாட்ஸ் ஆம்பைக் கொடுத்தால் எந்த ஸ்பீக்கரும் மிஞ்சாது. நிதானமான கை என்றால் பெரிய ஆம்ப்தான் பாதுகாப்பு. என் ஓட்டு பெரியதற்கே. சத்தம் கரகரவென்று கடுமையானால், கேட்கிற ஆசை இருந்தாலும், இரண்டு புள்ளி குறையுங்கள்.

பாக்கி இருப்பது 6 ஓம்ஸ். அது ஒரே எண் அல்ல. ஒலியின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். சொன்ன எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது சர்வதேசத் தரம். 6 ஓம்ஸ் என்றால் 4.8 வரை இறங்கலாம். ரிசீவர் கையேட்டில் ‘6 முதல் 16 ஓம்ஸ்’ அல்லது ‘4 முதல் 16’ என்று இருந்தால் கவலையில்லை.

கேள்வி: என் ஸ்பீக்கர்கள் 4 ஓம்ஸ். ரிசீவர் மெனுவில் ஓம்ஸ் தேர்வு இருக்கிறது. அதை 4-இல் வைத்துவிட்டால் பிரச்னை தீர்ந்ததா?

பதில்: அந்த மெனு ஏதோ கியர் மாற்றுவது போல வேலை செய்யும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான ரிசீவர்களில் அது செய்வது, உள்ளே ஆம்ப் பகுதிக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது. சூடு குறையும், கூடவே வலிமையும் குறையும்.

ஏன் சூடு? 8 ஓம்ஸில் 80 வாட்ஸ் தர ரிசீவர் ஏறக்குறைய 25 வோல்ட் தள்ள வேண்டும். அப்போது ஓடும் கரன்ட் 3 ஆம்பியர் சொச்சம். அதே 25 வோல்ட்டை 4 ஓம்ஸில் தள்ளினால் கரன்ட் 6 ஆம்பியரைத் தாண்டும், கணக்குப்படி 160 வாட்ஸ். தரமான பவர் ஆம்ப் அதைத் தரும். ஏழு சேனல்களுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரை வைத்திருக்கும் ரிசீவர் அதற்கு எங்கே போகும்? சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் கொதிக்கும், கடைசியில் தற்காப்புக்கான புரொடெக்ஷன் வந்து ரிசீவர் நின்றுவிடும்.

கையேடு 4 ஓம்ஸ் கூடவே கூடாது என்றால் போடாதீர்கள். அந்தத் தேர்வை வைத்துத்தான் போட வேண்டும் என்றால் வையுங்கள். மீறச் சொல்ல மாட்டேன். ஆனால் உண்மையான நிவாரணம் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்பீக்கர் செட்டிங்கில் டவரையும் ‘ஸ்மால்’ என்று மாற்றி, கிராஸ்ஓவரை, அதாவது பேஸைப் பிரித்தனுப்பும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ‘இவ்வளவு பெரிய ஸ்பீக்கரை ஸ்மால் என்பதா?’ என்று மனம் கேட்காது. அந்த வார்த்தை உருவத்தைப் பற்றியது அல்ல. 80-க்குக் கீழே இருக்கும் பேஸ் அந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டாம் என்பதுதான் பொருள். ரிசீவரை அதிகம் பிழிந்தெடுப்பது அந்தப் பேஸ்தான். அதை, தனக்கென்று சொந்த ஆம்ப் வைத்திருக்கும் சப்வூஃபரிடம் தள்ளிவிட்டால் ரிசீவர் மூச்சு விடும்.

அதுவும் போதவில்லை என்றால் ரிசீவரின் பின்னால் ப்ரீ-அவுட் (தனி ஆம்புக்குச் சிக்னல் தரும் ஓட்டை) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முன்பக்க ஸ்பீக்கர்களுக்கு மட்டும் ஒரு தனி பவர் ஆம்ப் போதும், ரிசீவரை மாற்ற வேண்டாம். புதிதாக ரிசீவர் வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: 10 வாட்ஸ் கூடுதலாக இருக்கும் மாடலைவிட ப்ரீ-அவுட் இருக்கும் மாடலை எடுங்கள்.

ஒரு மணி நேரம் படம் ஓடியபிறகு ரிசீவரின் தலையில் உள்ளங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு சகஜம். கையை வைத்திருக்க முடியாமல் எடுத்துவிட்டால் ஏதோ சரியில்லை. ரிசீவருக்கு மேலே செட்-டாப் பாக்ஸை வைத்திருப்பவர்கள் இந்த வரியைப் படித்ததும் எழுந்து போய் அதை எடுத்துவிட்டு வந்து மீதியைப் படிக்கவும்.

கேள்வி: பழைய ‘பெட்டியோடு எல்லாம்’ வகை ஹோம் தியேட்டர் செட். டிஸ்க் பிளேயர் செத்துவிட்டது. 5 குட்டி ஸ்பீக்கர்களும் சப்வூஃபரும் நன்றாக இருக்கின்றன. புது ரிசீவர் மட்டும் வாங்கி மாட்டலாமா?

பதில்: இதே கடிதம் எனக்கு நாலைந்து வந்திருக்கிறது. மாட்டலாம், ஆனால் மூன்று முட்டுக்கட்டைகள்.

முதலில் ஓம்ஸ். இந்த மாதிரி செட்டுகளில் 3 ஓம்ஸ், 4 ஓம்ஸ் ஸ்பீக்கர்கள் சகஜம். அந்த பிளேயருக்குள் இருந்த ஆம்ப் அதற்கென்றே செய்தது. ஸ்டிக்கர் கிழிந்துபோயிருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். ஸ்பீக்கர் வயரைக் கழற்றி இரண்டு முனைகளிலும் வைத்துப் பார்த்தால், 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் பெரும்பாலும் 6 அல்லது 7 காட்டும், 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் 3 சொச்சம் காட்டும். மீட்டர் எப்போதும் எழுதியதைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும், பயப்பட வேண்டாம். 3-க்கும் கீழே காட்டினால் அதைச் சாதாரண ரிசீவரில் மாட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

அடுத்தது சப்வூஃபர். அதன் பின்னால் மெயின்ஸ் வயர் போகிறதா? போகவில்லை என்றால் அதற்குள் ஆம்ப் இல்லை, வெறும் ஸ்பீக்கரும் கூடும்தான். ரிசீவரின் ‘சப்-அவுட்’ ஓட்டையில் வருவது ஸ்பீக்கரை ஓட்டும் சக்தி அல்ல, சிறு சிக்னல் மட்டுமே. பழைய சப்வூஃபரை அதில் நேரே மாட்டினால் ஒரு முனகல்கூடக் கேட்காது. நடுவே ஒரு தனி ஆம்ப் வேண்டும். அந்தச் செலவுக்கு ஆம்ப் உள்ளேயே இருக்கும் புது சப்வூஃபரைப் பார்ப்பது மேல்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். உள்ளங்கை அகலக் கோனால் (ஸ்பீக்கரின் முன்னால் அதிரும் கூம்பு) கீழ் ஸ்தாயியைத் தர முடியாது. பழைய பிளேயர் அதைத் தெரிந்துகொண்டு பேஸை வடிகட்டித்தான் அனுப்பியது. புது ரிசீவருக்கு அது தெரியாது. கிராஸ்ஓவரை 150 அல்லது 200 ஹெர்ட்ஸில் வைக்காவிட்டால் அந்தக் குட்டிக் கோன்கள் முதல் வெடிச் சத்தத்திலேயே டபடபவென்று அடித்துக்கொள்ளும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் குட்டி ஸ்பீக்கர்களில் இரண்டைப் பின்பக்கத்துக்கு ஒதுக்கிவிட்டு, முன்னால் ஒரு ஜோடி நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்குவேன். நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கர் அப்புறம் வரட்டும். சென்டர் இல்லை என்று ரிசீவரிடம் சொல்லிவிட்டால் வசனத்தை அது இடமும் வலமும் பிரித்துக் கொடுத்துவிடும். நடுவில் உட்காருபவருக்குக் குறையே தெரியாது.

கேள்வி: பெட்டியில் ‘1000 வாட்ஸ்’ என்று போட்டிருக்கிற ரிசீவர், ‘சேனலுக்கு 80’ என்று போட்டிருப்பதைவிட மலிவாக இருக்கிறதே, எப்படி?

பதில்: எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 8 ஓம்ஸ், 0.08 சதவீதச் சிதைவு, 2 சேனல்கள் ஒரே நேரத்தில்’ என்று இருந்தால் அது யோக்கியமான எண். ‘1 கிலோஹெர்ட்ஸ், 6 ஓம்ஸ், 10 சதவீதச் சிதைவு, 1 சேனல் மட்டும்’ என்று இருந்தால், ஒரே ஆளைக் குறுக்கு வழியில் 100 மீட்டர் ஓடவிட்டு, அவன் வேகத்தை 7-ஆல் பெருக்கிய கதை. 10 சதவீதம் சிதைந்த ஒலியைக் காது கொடுத்துக் கேட்கவே முடியாது. பி.எம்.பி.ஓ. (ஒரு கண நேர உச்ச வாட்ஸ்) என்று போட்டிருந்தால் படிக்கவே வேண்டாம். இந்த வாட்ஸ் ஜாலம் புதிதும் அல்ல. அமெரிக்காவில் 1974-லேயே ஆம்ப்ளிஃபையர் வாட்ஸை எப்படி அளந்து எழுத வேண்டும் என்று அரசே விதி போட வேண்டியிருந்தது.

நல்ல எண்ணிலும் ‘2 சேனல்கள்’ என்பதைக் கவனியுங்கள். ஏழும் சேர்ந்து முழங்கினால் ஒவ்வொன்றுக்கும் 80 கிடைக்காது. ஆனால் ஏழும் ஒரே நொடியில் உச்சத்தில் முழங்கும் படம் அபூர்வம், எனவே இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

பொடி எழுத்தும் இல்லாவிட்டால்? டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் வகை ரிசீவர் என்றால் தூக்கிப் பாருங்கள். இரும்பும் செம்பும் பொய் சொல்லாது. புதிய கிளாஸ்-டி வகை ஆம்ப்கள் இலேசாகவே இருக்கும், அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

கேள்வி: முன்பக்க ஜோடி ஒரு நிறுவனம், சென்டர் வேறு நிறுவனம். சென்டர் 3 டெசிபல் அதிகம். பொருந்துமா?

பதில்: 3 டெசிபலைப் பற்றிக் கவலை வேண்டாம், ரிசீவரே ஒவ்வொரு சேனலின் அளவையும் ஏற்றி இறக்கிச் சமன் செய்துவிடும். சமன் செய்ய முடியாதது ஸ்பீக்கரின் குரல். கார் ஒன்று திரையில் இடமிருந்து வலம் போகிறது என்று வையுங்கள். இடது ஸ்பீக்கரில் ஒரு கார், நடுவில் இன்னொரு கார், வலதில் மறுபடி பழைய கார் என்று கேட்டால் அதுதான் பொருந்தாமை. முன்பக்கம் மூன்றும் ஒரே வரிசையைச் சேர்ந்ததாக இருப்பது நல்லது. பின்பக்கத்தில் எதை வைத்தாலும் சமாளிக்கலாம்.

கேள்வி: புது ரிசீவர், புது வயர். படம் தொடங்கி இரண்டு நிமிடத்தில் ‘டக்’ என்று அணைந்து சிவப்பு விளக்கு சிமிட்டுகிறது. ஸ்பீக்கர் பொருத்தமில்லையா?

பதில்: பதிலுக்குப் பதில் என் மானம் போன கதையைச் சொல்கிறேன். என் வீட்டில், என் கையால் மாட்டிய ரிசீவர். வீட்டில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தாயிற்று. பெயர் ஓடத் தொடங்கியதும் ‘டக்’. மறுபடி போட்டேன், மறுபடி ‘டக்’. ‘ஊருக்கெல்லாம் ரிப்பேர் பார்க்கிறீர்கள்’ என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஓம்ஸைச் சந்தேகப்பட்டேன், வென்டிலேஷனைச் சந்தேகப்பட்டேன், ரிசீவரைத் திருப்பி அனுப்பவே யோசித்தேன். கடைசியில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்பக்கம் எட்டிப் பார்த்தால், சிவப்பு டெர்மினலிலிருந்து ஒரே ஒரு செம்பு இழை கொக்கி போல வளைந்து பக்கத்துக் கறுப்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. பேஸ் அதிர்ந்தால் தொடும், ஷார்ட் ஆகும், ரிசீவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். நகத்தால் கிள்ளி எறிந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை நிற்கவில்லை.

நீங்களும் அங்கே தொடங்குங்கள். ரிசீவரின் மெயின்ஸை உருவிவிட்டு எல்லா ஸ்பீக்கர் வயர்களையும் கழற்றுங்கள். வெறும் ரிசீவரைப் போடுங்கள். அப்போதும் நின்றால் கோளாறு ரிசீவரில், வாரன்டியில் கொடுங்கள். நிற்காவிட்டால் ஒவ்வொரு ஸ்பீக்கராக மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு. எதை மாட்டும்போது நிற்கிறதோ அந்த வயரில் திருடன் இருக்கிறான். உறையை 1 சென்டிமீட்டருக்கு மேல் உரிக்காதீர்கள், இழைகளை இறுக்கி முறுக்குங்கள். வயர் முனையில் மாட்டும் பனானா பிளக் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து ஸ்பீக்கர்களின் தூரத்தை அளந்தேன். சப்வூஃபர் 2 மீட்டரில் இருக்கிறது, ரிசீவர் 4.5 மீட்டர் என்கிறது. பழுதா?

பதில்: பழுதில்லை, அப்படியே விடுங்கள். ரிசீவர் டேப் வைத்து அளப்பதில்லை, சத்தம் வந்து சேரும் நேரத்தை அளக்கிறது. ஒலி 1 மில்லி செகண்டில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். சப்வூஃபருக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் 7 மில்லி செகண்ட் தாமதித்தால் ரிசீவருக்கு அது இன்னும் இரண்டரை மீட்டர் தள்ளி இருப்பதாகத் தெரியும். அதற்கேற்ப மற்ற ஸ்பீக்கர்களைக் காக்க வைக்கும். டேப் எடுத்துத் திருத்தினால்தான் கெடும்.

கேள்வி: ஒரு 8 வாட்ஸ் வால்வ் ஆம்ப் கைக்கு வந்திருக்கிறது. 84 டெசிபல் புக்‌ஷெல்ஃபில் போட்டுப் படம் பார்க்கலாமா?

பதில்: இரவு எல்லோரும் தூங்கியபிறகு வீணை கேட்கலாம். படத்துக்கு வேண்டாம்.

கேள்வி: ஒரே சேனலில் இரண்டு ஸ்பீக்கர் மாட்டலாமா? பெரிய ஹால், இரண்டு ஜோடி இருக்கிறது.

பதில்: 8 ஓம்ஸ் இரண்டை இணையாக (பேரலல்) சேர்த்தால் 4. 6 ஓம்ஸ் இரண்டைச் சேர்த்தால் 3. முதலாவதை ரிசீவர் 4 ஓம்ஸ் தாங்கும் என்றால் மட்டும் செய்யலாம், இரண்டாவது வேண்டவே வேண்டாம். ரிசீவரிலேயே ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு ஜோடி டெர்மினல் இருந்தாலும் பெரும்பாலும் உள்ளே இதே கணக்குதான்; கையேட்டில் ‘ஏ + பி’ போட்டால் ஸ்பீக்கர் குறைந்தது எத்தனை ஓம்ஸ் இருக்க வேண்டும் என்று தனியாகப் போட்டிருப்பார்கள்.

கேள்வி: வயர் எவ்வளவு தடிமன்? விலை உயர்ந்த வயர் வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: 10 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால், போக வர 20 மீட்டருக்கு மின்தடை ஏறக்குறைய 0.14 ஓம். 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்குக்கூட இது பெரிதல்ல. அதே தூரத்துக்கு 0.75 வயர் போட்டால் 0.46 ஓம் ஆகிவிடும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாட்ஸில் ஒரு பகுதி சுவர் ஓரமாகவே செலவாகும். தடிமன் முக்கியம், விலை அல்ல. ஒரே ஒரு எச்சரிக்கை: செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரைச் செம்பு என்று விற்பார்கள். ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகப் பளிச்சிட்டால் அலுமினியம். அதைத்தான் போட வேண்டும் என்றால் ஒரு படி தடிமனாக வாங்குங்கள்.

கேள்வி: ரிசீவரை மாற்றியபிறகு பாட்டில் பேஸே இல்லை. பழைய ரிசீவரே நன்றாக இருந்தது. சப்வூஃபர் இல்லை, இரண்டு ஸ்பீக்கர்கள்தான். ரிசீவர் பொருந்தவில்லையா?

பதில்: ரிசீவரைத் திட்டுவதற்கு முன் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ்-மைனஸ் மாறியிருக்கிறதா பாருங்கள். ஒரு கோன் வெளியே வரும்போது மற்றது உள்ளே போனால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பேஸ்தான் முதலில் காணாமல் போகும். பாடுபவர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறிக் கேட்பதும் இதன் அடையாளம்.

வயரின் நிறக்கோடு தேய்ந்து எது பிளஸ் என்று தெரியவில்லை என்றால் ஒரு பென்சில் செல் போதும். வயரை ரிசீவரிலிருந்து முழுதாகக் கழற்றிவிடுங்கள். ஸ்பீக்கரின் முன்துணியை எடுத்துவிட்டு, வேறொருவரை வூஃபர் கோனைப் பார்க்கச் சொல்லுங்கள். வயரின் இரண்டு முனைகளையும் 1.5 வோல்ட் செல்லின் இரு பக்கமும் ஒரு நொடி தொட்டு எடுங்கள், பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். ‘டப்’ என்று கோன் வெளியே வந்தால் செல்லின் பிளஸில் தொட்ட முனைதான் பிளஸ். உள்ளே போனால் மற்றது. பிளஸ் முனையில் ஒரு துண்டு சிவப்பு டேப்பைச் சுற்றிவிட்டு, அடுத்த ஸ்பீக்கருக்குப் போங்கள். இரண்டும் சரியாக இருந்தும் பேஸ் வரவில்லை என்றால், ரிசீவர் மெனுவில் இல்லாத சப்வூஃபரை ‘இருக்கிறது’ என்று வைத்திருக்கிறீர்களா பாருங்கள். அப்படி இருந்தால் உங்கள் பேஸ் முழுவதும் யாரும் இல்லாத ஓட்டைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ‘இல்லை’ என்று மாற்றினால் அந்த நொடியே திரும்பி வரும்.